கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு காதுகுத்து

என் மாமாவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. வலது முட்டி தேய்ந்துபோய், மாடிப்படி ஏறும்போது படிக்கு ஒரு பெருமூச்சு விடுகிறார். ஞாயிற்றுக்கிழமை மாலையானால் மட்டும் அதே முட்டியில் ஒரு பட்டையைச் சுற்றிக்கொண்டு கோல் கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றுவிடுகிறார். டாக்டர் சொல்லிப் பார்த்தார். அத்தை அழுது பார்த்தார். நான் சண்டை போட்டுப் பார்த்தேன். செவிடன் காதில் சங்கு ஊதிய கதைதான். போன வாரம் நான் சிரம்பானிலிருந்து காரை எடுக்கும் நேரத்தில் போன் செய்து, கடையில் தைக்கக் கொடுத்திருக்கும் கோல் வலையை அப்படியே வாங்கி வரச் சொன்னார். எவ்வளவு பெரியது என்று கேட்டதற்கு, பின் சீட்டை மடக்கினால் போதும் என்றார். எனக்கு வந்த கோபத்தில் கடைக்காரரிடம் எரிந்து விழுந்தேன். அவர் என்ன செய்வார் பாவம்.

இந்த மனிதரோடு எனக்குள்ள பிணக்கு இன்று நேற்று வந்ததல்ல. அது என் காதில் தொடங்கியது.

மலேசியாவில் லுக்குட் என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். மாமா அம்மாவின் ஒரே தம்பி. பாட்டி சீக்கிரமே போய்விட்டதால் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தது அம்மாதான். கல்யாணமாகி வந்தபோதும் தம்பியை விட்டு வரவில்லை. ஆகவே மாமா, தோட்டம் வரிசையாகக் கட்டிக் கொடுத்திருந்த லயத்தில், எங்கள் வீட்டில்தான் இருந்தார். மாமா இருந்தார் என்றால் தோட்டத்துக் காற்பந்துக் குழு இருந்தது என்று அர்த்தம். காலையில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையில் குலை வெட்டப் போவார். மத்தியானம் வந்து சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு திடலுக்குப் போய்விடுவார். புல் வெட்டுவது அவர். கோடு போடுவது அவர். பந்துக்குக் காற்றடிப்பது, ஐஸ் தண்ணீர் கலக்குவது, தூங்கிப்போன ஆட்டக்காரனை வீடு தேடிப் போய் எழுப்பி மோட்டார் சைக்கிளில் ஏற்றி வருவது, எல்லாம் அவர். இவ்வளவும் முடித்துவிட்டு, கோல்கீப்பராகவும் அவரே நிற்பார். கோடு போடும் சுண்ணாம்பு மூட்டை என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. நனைந்த வலை கூடத்தில் காய்ந்தது. அதில் எங்கள் கோழி ஒரு முறை மாட்டிக்கொண்டு, அதை விடுவிப்பதற்குள் எனக்குப் பள்ளி பஸ் போய்விட்டது. திடலில் மூலைக்கு மூலை நட்டிருந்த சிவப்புக் கொடிகளுக்குத் துணி வந்தது அம்மாவின் பழைய சேலையிலிருந்து. பழையது என்று சொன்னவர் மாமா. அம்மா அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

ஆட்டத்துக்கு முந்தின நாள் குழுவின் பச்சை ஜெர்சிகள் முழுவதையும் அம்மாதான் துவைத்துப் போடுவார். திட்டிக்கொண்டே துவைப்பார். சனிக்கிழமை எங்கள் துணிக்கொடியில் பச்சை தொங்கினால் மறுநாள் ஆட்டம் என்று தோட்டமே தெரிந்துகொள்ளும்.

காதுகுத்துக்கு வருகிறேன். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது ஊரறிந்த வழக்கம். எங்கள் வீட்டில் அதோடு இன்னொன்றும் உண்டு. ஒற்றைப்படை வயதில்தான் குத்துவார்கள். ஒரு தடவை தவறினால் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். எனக்கு ஒரு வயதானபோது தாத்தா இறந்த தீட்டு. அது மாமாவின் குற்றமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் வயதில் அவர் தம்பின் என்ற ஊருக்கு ஆடப் போய், திரும்பும் வழியில் லோரி நின்றுபோய், காது குத்த வந்த பத்தர் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போன பிறகு வந்து சேர்ந்தார். ஐந்தாம் வயதில் நேரத்துக்கு வந்தார், ஆனால் காலை ஆட்டத்தில் முறிந்த கையில் மாவுக்கட்டோடு வந்தார். இன்னொரு கையால் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தார். ஒற்றைக் கையால் பிடிப்பதற்கு இதென்ன கோழியா என்று அம்மா பந்தலைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்.

ஏழாம் வயதுக் கதை எனக்கே நன்றாக நினைவிருக்கிறது. புது வேட்டி, தோளில் துண்டு, நெற்றியில் திருநீறு என்று மாமா மாப்பிள்ளை போல எங்களோடு கோயிலுக்கு நடந்து வந்தார். எங்கள் மாரியம்மன் கோயில் திடலை ஒட்டி இருந்தது. அந்த இடத்தில் கோயில் கட்டியவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. திடல் பக்கம் வந்ததும், கோடு சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். அங்கே ஓர் ஆள் குறைந்தது. அவ்வளவுதான். பொழுது சாய வேட்டியைக் கையில் சுருட்டிக்கொண்டு, அரைக்கால் சட்டையோடு, ஜெயித்த சந்தோஷத்தில் வந்து நின்றார். கொட்டகையில் வாழை இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது வயதுப் பெண் காது குத்தாமல் இருப்பது எப்படிப்பட்டது என்று மாமாவுக்குத் தெரிய நியாயமில்லை. பேன் தொல்லைக்காக எனக்கு முடியையும் ஒட்ட வெட்டியிருந்தார்கள். விளையாட்டுப் போட்டியன்று புதிதாக வந்த ஆசிரியை என்னைக் கையைப் பிடித்துப் பையன்கள் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார். நான் பெண் என்று சொல்லியும் அவர் கொஞ்சம் யோசித்தார். எனக்காகச் செய்த சிவப்புக்கல் தோடு, வருடக்கணக்காக சாமி படத்துக்குப் பின்னால் மஞ்சள் துணியில் காத்திருந்தது. யாரும் இல்லாதபோது எடுத்துக் காதோடு வைத்துக் கண்ணாடியில் பார்ப்பேன். கையை எடுத்தால் விழுந்துவிடும். பதினோரு வயதுக்குள் பெண் பெரியவளாகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அக்கம்பக்கத்தில் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அதனால் இந்த வருடம் நடக்காவிட்டால் என் காது இப்படியே மூளியாக இருந்துவிடும் என்று நான் உறுதியாக நம்பினேன்.

அப்பா சாது. சண்டை அவருக்கு ஆகாது. சிரம்பானில் ஒரு கடையில் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து டக்கென்று குத்திவிடுகிறார்கள், அழக்கூட நேரமிருக்காது என்று அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். வேண்டுமானால் அம்மாவின் சின்னம்மா மகன் ஒருவர் இருக்கிறார், அவரும் மாமன் முறைதானே என்றும் சொன்னார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை.

"மாமன் மடியில ஒக்காராம குத்துனா அதுக்குப் பேரு காதுகுத்து இல்லீங்க. ஓட்ட போடுறது."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அம்மாவே பூசாரியிடம் போய் நாள் பார்த்துவிட்டு வந்தார். பூசாரி அடுத்தடுத்து இரண்டு ஞாயிறுகளைச் சொன்னாராம். அம்மா பிந்திய ஞாயிறை எடுத்துக்கொண்டார். அன்றுதான் சி ரூசா ஊர்க் குழுவோடு எங்கள் திடலில் இறுதியாட்டம். பல வருடங்களுக்குப் பிறகு எங்கள் தோட்டம் இறுதிக்கு வந்திருந்தது. ஒரு மாதமாக எங்கள் வீட்டில் சோற்றுக்குக் குழம்பு ஊற்றும்போதுகூட அந்தப் பேச்சுத்தான். அப்பா அதை எடுத்துச் சொன்னார். நாள் குறித்தாகிவிட்டது என்றார் அம்மா. காலையிலேயே வைத்துவிடலாமே என்றதற்கு, தம்பின் ஊர்ச் சொந்தங்கள் வந்து சேர மத்தியானமாகிவிடும் என்றார். மூன்றரையிலிருந்து நாலரை வரை நல்ல நேரம். அதற்குப் பிறகு ராகு காலம். ஆட்டம் மூன்று மணிக்கு. எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மாமா கொஞ்சமும் அசரவில்லை. "நீ ஒண்ணும் கவலப்படாதக்கா. அர நேரம் விடுவாங்கல்ல, ஓடியாந்து ஒக்காந்துர்றேன். கோயிலு பக்கத்துலதான இருக்கு லா," என்றார். அம்மா சனிக்கிழமை வழக்கம்போல ஜெர்சிகளைத் துவைத்துக் கொடியில் போட்டார். அந்த ஒரு தடவை அவர் திட்டவில்லை. 

ஞாயிற்றுக்கிழமை கோயில் கொட்டகையில் தோட்டத்துப் பெண்கள் பாதிப்பேர் இருந்தார்கள். ஆண்கள் எல்லாரும் திடலில். மாமன் சீர் என்று தட்டுகளில் பாவாடை சட்டை, பழம், வெற்றிலை, மாமாவுக்கு மரியாதை செய்ய ஒரு மாலை, ஒரு துண்டு எல்லாம் இருந்தன. சீரை வாங்கி அடுக்கியதும் அம்மாதான் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. லுக்குட்டிலிருந்து மோட்டாரில் வந்த பத்தர், ஊசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திடல் பக்கமே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பட்டுப் பாவாடையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அரை நேர விசில் கேட்டது. எல்லாரும் வாசலைப் பார்த்தோம். மாமா வரவில்லை. அம்மா அப்பாவை அனுப்பினார். போன அப்பாவும் வரவில்லை. மறுபடி விசில் கேட்டு இரண்டாம் பாதி தொடங்கிய பிறகு அப்பா வந்தார். வலையில் ஒரு இடம் பிய்ந்துவிட்டதாம். அரை நேரம் முழுக்க மாமா அதைத்தான் கட்டிக்கொண்டிருந்தாராம். வேறு யாருக்கும் அந்த முடிச்சுப் போடத் தெரியாதாம். இன்னும் இரண்டு பக்கமும் கோல் விழவில்லை, நல்ல ஆட்டம் என்றும் அப்பா சேர்த்துச் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அம்மா எழுந்தார். ஒரு கையில் என்னைப் பிடித்தார், இன்னொரு கையில் துண்டையும் மாலையையும் எடுத்தார். பத்தரைப் பார்த்து, "பெட்டிய எடுத்துக்கிட்டு வாங்க," என்றார். கொட்டகையிலிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தட்டுகளைத் தூக்கினார்கள். இப்படியாக என் காதுகுத்து ஊர்வலமாகக் கிளம்பித் திடலுக்குப் போனது. எனக்கு வந்த வெட்கத்தில் கண்ணை இருட்டியது. என் வகுப்புப் பையன்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்.

மாமா நின்ற கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் அம்மா நின்றார். பந்து அந்தப் பக்கம் எங்கேயோ இருந்தது. மாமா முதுகைக் காட்டிக்கொண்டு, முன்னால் நிற்பவர்களுக்கு என்னவோ கத்திக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார் அம்மா.

அவர் திரும்பவில்லை. "இன்னுங் கொஞ்ச நேரந்தாங்க்கா. ஆட்டம் முடிஞ்சோன வந்துர்றேன்."

"ஆட்டம் முடிஞ்சப்புறம் வர்றதுக்கு நான் கூப்புடல."

"இப்ப எப்பிடிக்கா லா. ஃபைனல்க்கா."

அம்மா கையிலிருந்த மாலையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கும் குரலில், ஆனால் மாமாவுக்கும் கேட்டுவிட்டது, "பொரி போட வான்னு ஆள் அனுப்புனப்பவும் இதத்தான் சொல்லி அனுப்புன," என்றார்.

அந்தப் பொரிக் கதை எனக்குத் தெரியும். அப்பா சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவார். கல்யாணத்தில் மணப்பெண் கையில் அவளுடைய தம்பிதான் பொரி அள்ளிப் போட வேண்டும். அம்மா கையை ஏந்திக்கொண்டு நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்க, மாமா திடலில் இருந்தாராம். கடைசியில் பக்கத்து லயத்துப் பையன் ஒருவனைப் பிடித்து வந்து போடச் சொன்னார்களாம். தாலி கட்டியாகி, பந்தி ஆரம்பித்த பிறகு சேற்றுக் காலோடு மச்சான் வந்து நின்றார் என்று அப்பா முடிப்பார். வீட்டில் எல்லாரும் சிரிப்போம். அம்மா அந்த நேரம் அடுப்படியில் இருப்பார்.

மாமா திரும்பினார். ஆட்டம் நடக்கும்போது அவர் பந்துக்கு முதுகைக் காட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மாவைப் பார்த்தார். கையிலிருந்த மாலையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு நடுவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

நடுவர் ஒரு மலாய்க்காரர், பள்ளி ஆசிரியர். ஓடி வந்து அடிபட்டுவிட்டதா என்று கேட்டார். மாமா தன் காதைத் தொட்டுக் காட்டி, அக்கா மகளுக்கு என்று மலாயில் சொன்னார். காதுகுத்துக்கு ஆட்ட விதிகளில் இடமிருக்கிறதா என்று நடுவர் யோசித்திருக்க வேண்டும். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு யோசிப்பதை நிறுத்திக்கொண்டார். மாமா கையுறைகளையும் கோல்கீப்பர் சட்டையையும் கழற்றிப் பின்வரிசையில் நின்றவனிடம் கொடுத்தார். குழுவிலேயே குள்ளமானவன் அவன். சட்டை அவனுக்கு முட்டி வரை வந்தது. திடலைச் சுற்றி நின்ற ஆண்கள் வாயில் கைவைத்துக்கொண்டார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மட்டும், "டேய், பைத்தியமாடா ஒனக்கு," என்றார்.

கோல் கம்பத்துக்குப் பின்னால் தண்ணீர்ப் புட்டிகள் வைத்திருந்த மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு மாமா உட்கார்ந்தார். அம்மா அவர் தோளில் துண்டைப் போட்டு, கழுத்தில் மாலையைப் போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்தார். மாமா பனியனும் அரைக்கால் சட்டையுமாக, கால் முழுக்கச் சேறாக இருந்தார். என் பட்டுப் பாவாடை போயிற்று என்று எனக்கு அழுகை வந்தது. ஒன்பது வருடம் இதற்காகத் தவம் கிடந்தவள், பத்தர் ஊசியை எடுத்ததும் எழுந்து ஓடப் பார்த்தேன். மாமா என் தலையை இரண்டு கைகளாலும் பிடித்தார். எவ்வளவோ பந்துகளைப் பிடித்த கைகள். அசைய முடியவில்லை.

பத்தர் வலது காதில் குங்குமப் பொட்டு வைத்து அளவு பார்த்தார். ஊசி இறங்கிய அதே நேரத்தில் முதுகுக்குப் பின்னால் ஒரு கூச்சல் எழுந்தது. சி ரூசா ஆட்கள் கத்தினார்கள். எங்கள் ஆட்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. வலை இழுபட்டு அடங்குவது எனக்கே கேட்டது. குள்ளனின் தலைக்கு மேலே பந்து போயிருந்தது.

மாமாவின் விரல்கள் என் கன்னத்தில் ஒரு நொடி இறுகின. ஆனால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. என் காதை மட்டும் பார்த்துக்கொண்டு, "பத்தரே, அடுத்த காது," என்றார்.

இரண்டு காதும் குத்தி, தோடும் போட்டு, என் வாயில் யாரோ சர்க்கரையை அடைத்த பிறகுதான் அவர் எழுந்தார். குங்குமத்தோடு போய் கோலில் நின்றார். மாலையைக் கழற்ற மறந்து, நடுவர் சொல்லிக் கழற்றினார். அதற்குப் பிறகு அவரைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை. ஆனால் எங்கள் ஆட்களும் ஒரு கோல் போடவில்லை. கோப்பை சி ரூசாவுக்குப் போனது.

தோட்டத்து ஆண்கள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டை எழவு வீட்டுச் சாப்பாடு மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். குள்ளன் சாப்பிடவே வரவில்லை. கிராணி போகும்போது அம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமல் போனார். மாமா பரிமாறினார், இலை எடுத்தார், பந்தலைப் பிரித்தார், பிறகு போய் மூலைக்கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தோட்டமே உர்ரென்று இருந்த அன்று அவர் ஒருவர் முகம்தான் மலர்ந்திருந்தது. காது குத்தியது எனக்கா அவருக்கா என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

பொழுது சாயும் நேரம், அம்மா குழாயடியில் குந்தி ஜெர்சிகளைத் துவைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. கோபமும் எரிந்துகொண்டிருந்தது. திடல் நடுவில், பையன்கள் முன்னால், சேற்றுக் காலில் உட்கார வைத்து என் மானத்தை வாங்கியது யார் என்று யோசித்துக்கொண்டே வந்ததில், முதல் தடவையாகக் கணக்கு மாமாவைத் தாண்டி வேறு பக்கம் போயிருந்தது. போய் அம்மாவுக்கு எதிரில் நின்றேன்.

"போன ஞாயித்துக்கெழம ஆட்டமே இல்லம்மா. பூசாரி அதயுந்தான சொன்னாரு. அன்னிக்கு வெச்சிருந்தா மாமா நேரத்தோட வந்திருப்பாருல்ல?"

"வந்திருப்பான்," என்றார் அம்மா. கோல்கீப்பர் சட்டையை எடுத்து, மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக அலசினார்.

"பின்ன ஏன்?"

அம்மா சட்டையைப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டார். சுருக்கம் விழாமல் இரண்டு தோளையும் இழுத்துவிட்டார்.

"ஆட்டம் இல்லாத அன்னிக்கு யாரு வேணாலும் வருவாங்க லா," என்றார்.

நான் கேட்ட கேள்வி அம்மாவுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். இந்த வீட்டில் யாரிடம் எதைக் கேட்டாலும் ஒழுங்காகப் பதில் வராது என்று அலுத்துக்கொண்டு, தோடு எப்படி இருக்கிறது என்று கண்ணாடியில் பார்க்க உள்ளே போய்விட்டேன்.